யாரும் ஆர்டர் கொடுக்காத வாசகம்

நாச்சிமுத்துவுக்குப் பேச்சு போன பிறகு அவருடைய டீ ஷர்ட் பேச ஆரம்பித்தது. அதை முதலில் படித்தவர் பால்காரர். மார்கழிக் குளிர் விடாத ஒரு காலையில், எங்கள் காம்பவுண்டு வாசலில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவர் மனைவி மயிலாத்தாள் அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருந்தாள். கேனை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்த பால்காரர், நாச்சிமுத்துவின் நெஞ்சில் சிவப்பு எழுத்தில் ‘மாபெரும் அன்னதானம் நடைபெறும்’ என்று இருப்பதைப் பார்த்து, “எந்தக் கோயில்லீங் அன்னதானம்?” என்று மரியாதையாகக் கேட்டார். பதில் வராது என்பது ஞாபகத்துக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மயிலாத்தாள் வந்து பார்த்தாள். முதல் நாள் சாயங்காலம் அவள் மாட்டிவிட்டது வெறும் வெள்ளை டீ ஷர்ட். அவள் செக்கிங் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில், பிரிண்டிங்குக்குப் போகும் முன்பே ஓட்டை கண்டு ஒதுக்கிய பீஸ்களில் ஒன்று. தொட்டுப் பார்த்தாள். பிரிண்டைச் சுட்டெடுக்கும் மிஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மாதிரி துணி சூடாக இருந்தது, பிரிண்டிங் பேஸ்ட் வாசனையும் அடித்தது. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பசிக்குதுங்களா?” என்று கேட்டாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து ஊட்ட ஊட்ட எழுத்து ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, வாய் துடைத்துவிடும்போது நெஞ்சு பழையபடி வெள்ளையாகிவிட்டது.

இது ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று நாங்கள் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. திருப்பூர்க்காரன் முன்னால் வானத்திலிருந்து தேவதையே இறங்கி வந்தாலும் அது போட்டிருக்கும் துணி எத்தனை கனம் என்றுதான் முதலில் தொட்டுப் பார்ப்பான். நாங்களும் அப்படித்தான் ஒருவர் பின் ஒருவராக வந்து நாச்சிமுத்துவின் டீ ஷர்ட்டைத் தொட்டு, “பிரிண்டு நல்லாத்தான் புடிச்சிருக்குது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனோம். பேச முடியாத மனிதனுக்குப் பேச ஒரு வழி கிடைத்தது, கிடைத்தவரைக்கும் கடவுளுக்கு ஒரு கும்பிடு, அதற்கு மேல் கேள்வி கேட்டால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வார் என்கிற பயமும் எங்களுக்கு இருந்தது.

நாச்சிமுத்து டேபிள் பிரிண்டர். டீ ஷர்ட்டில் படமும் எழுத்தும் அடிக்கிற வேலை. ஆள் நீளத்துக்கு மேல் ஆள் நீளமாக நீண்டு கிடக்கும் மேசையில் பீஸ்களை வரிசையாக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றின் மேலும் வலை கட்டிய பிரேமைத் தூக்கித் தூக்கி வைத்து, பேஸ்ட்டை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுக்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இவர் பாதி தூரம் தள்ளிவிட அவர் மீதியை இழுத்துக்கொள்வார். இந்தப் பக்கம் நாச்சிமுத்துவும் அந்தப் பக்கம் திண்டுக்கல்லிலிருந்து வந்த சவரிமுத்துவும் மீசை முளைத்த காலத்திலிருந்து நரைக்கும் காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே மேசை மேசையாக நடந்திருக்கிறார்கள். போன ஐப்பசியில் பேஸ்ட் டப்பாவைத் தூக்கக் குனிந்த நாச்சிமுத்து நிமிரவில்லை. பக்கவாதம் வலது கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில், காலுக்குப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் நடக்கலாம், பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள்.

மயிலாத்தாளுக்கு நடையைவிடப் பேச்சு போனதுதான் தாங்கவில்லை. இத்தனைக்கும் நாச்சிமுத்து பெரிய பேச்சுக்காரர் இல்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் தினமும் காலையில் அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, காலில் சக்கரம் கட்டினவள் போல வேகவேகமாகக் காம்பவுண்டைத் தாண்டும்போது, அவர் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்து, “பாத்துப் போ புள்ளே” என்பார். அவள் திரும்பி, “செரீங்” என்பாள். அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனத்தின் காதல் வசனம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய மறுநாள் காலையிலும் சொன்னார், அவளோடு சண்டை போட்டு இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் இருந்த நாட்களிலும் சொன்னார், வேண்டாவெறுப்பாக என்றாலும் சொன்னார். எழுத்து வந்துவிட்டது என்றதும் மயிலாத்தாளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதும் அதற்காகத்தான். இன்று இல்லாவிட்டால் நாளை அந்த வார்த்தை வரும் என்று அவள் காத்திருக்க ஆரம்பித்தாள்.

வந்ததெல்லாம் வேறு. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் ‘அவசரம் வழிவிடுங்கள்’ என்று வந்தது. தொடர்ந்து கோதுமைக் கஞ்சியே ஊற்றினால் கொட்டை எழுத்தில் ‘நீதி வேண்டும்’ என்று வந்தது. அதற்கும் அவள் மசியவில்லை என்றால் ‘போராட்டம் தொடரும்’. தாராபுரத்திலிருந்து மகளும் மருமகனும் வந்து இறங்கியபோது, இரண்டு பக்கமும் குத்துவிளக்கோடு ‘வருக வருக என வரவேற்கிறோம்’ என்று வந்து, மருமகன் வெட்கப்பட்டுப் போய் மாமனார் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தூக்கம் வந்தால் தென்னை மரமும் கடலும். வலி எடுத்தால் வாயைப் பிளந்த புலி. இங்கிலீஷில் வந்தால் பானுவைக் கூப்பிடுவோம். மூன்றாவது வீட்டில் அம்மாவோடு இருக்கும் ஷர்மிளா பானு எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசர், விடிந்தால் அடைந்தால் ஆர்டருக்காக வெள்ளைக்காரர்களோடு மெயிலில் மல்லுக்கட்டுகிறவள். பிசியோதெரபிஸ்ட் முதல் தடவையாகக் காலைப் பிடித்து மடக்கியபோது நாச்சிமுத்துவின் நெஞ்சில் வந்ததைப் படித்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஸ்டாஃப் ஒன்லி. வேலைக்காரங்க தவிர யாரும் உள்ள வரக் கூடாதாம்” என்றாள்.

எழுத்தின் சூட்சுமத்தைச் சொன்னவர் சவரிமுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியைப் பார்க்க வந்தவர், ‘நீதி வேண்டும்’ என்பதைக் கண்டதும் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, எழுத்தின் வளைவை விரலால் தடவிப் பார்த்தார். “இது நாங்க அடிச்சது. ஆலை மூடினப்ப ஊர்வலத்துக்கு அடிச்சது. இந்த ‘நீ’யோட சுழியில பேஸ்ட் அப்புதுன்னு அன்னைக்கே சொன்னேன், கேக்கல இவன்” என்றார். அப்புறம் வந்த தென்னை மரமும் அவர்கள் அடித்தது, புலியும் அவர்கள் அடித்தது, வருக வருகவும் அவர்கள் அடித்தது. நாச்சிமுத்துவின் கை எதையெல்லாம் துணியில் இழுத்ததோ அதெல்லாம் அவரிடம் இருந்தது, இழுக்காதது இல்லை. “இங்கிலீஷு எப்படீங்ணா தெரியுது அவருக்கு?” என்று பானு கேட்டதற்குச் சவரிமுத்து, “அர்த்தம் தெரியாம இவன் ஒரு பீஸு அடிக்க மாட்டான்ல. எவனையாச்சும் வையிற வார்த்தையா இருந்தா நம்ம கைக்குப் பாவம்னு, மெர்ச்சண்டைசரைத் தேடிப் போய்க் கேட்டுட்டு வந்துதான் ரப்பரைத் தொடுவான். இவனால எத்தனை தடவை டெலிவரி லேட்டு தெரியுமா?” என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து சவரிமுத்து ஞாயிறுதோறும் வந்தார். நாச்சிமுத்துவும் அவருக்காகவே சேர்த்துவைத்திருந்த மாதிரி ஒன்று மாற்றி ஒன்றாக நெஞ்சில் எழுப்ப, நாங்கள் டீ டம்ளரோடு சுற்றி உட்கார்ந்து கேட்போம். பனியன் என்றால் சட்டைக்கு உள்ளே போடுவது, அதை மட்டும் போட்டுக்கொண்டு தெருவுக்கு வருகிறவன் ஒன்று குளிக்கப் போகிறான் அல்லது சண்டைக்குப் போகிறான் என்று ஊர் நம்பிய காலத்தில், சிமெண்டுக்கும் டயருக்கும் பம்புசெட்டுக்கும் விளம்பரம் அடித்து இனாமாகக் கொடுத்தார்கள், இனாமாக வந்ததை ஒளித்துவைக்க மனசில்லாமல் எங்கள் ஆட்கள் வெளியே போட்டுக்கொண்டார்கள், உள்ளே இருந்த பனியன் அப்படித்தான் டீ ஷர்ட் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம் புலி வந்தது, கழுகு வந்தது, மண்டை ஓடு வந்தது. கடல் தாண்டிய காலேஜ்களின் பெயர்கள் வந்தன, அந்தக் காலேஜ் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்த்தார்கள், கிணறு வெட்டினார்கள், பெண் பார்க்கப் போனார்கள். கிதார்க்காரர்களின் படங்கள் வந்தன, ஊர் பெயருக்கு நடுவே இதயங்கள் வந்தன, எந்த அணி ஜெயிக்கும் என்று தெரிவதற்கு முன்பே இரண்டு அணியும் கோப்பை வாங்கியதாக அடித்து அனுப்பச் சொல்லி ஆர்டர் வந்தது, தோற்றவர்களின் வெற்றி டீ ஷர்ட்டுகளை எங்கோ ஒரு ஏழை நாட்டில் யாரோ சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார்கள். பிறகு உள்ளூருக்கே ஆசை வந்து, கும்பாபிஷேகத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் ரத்ததானத்துக்கும் கபடிக்கும் மாப்பிள்ளைத் தோழர்களுக்கும், பைக்கில் போய் இறந்துபோன நண்பனின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலிக்கும் அடித்தார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட ஜனங்கள் நெஞ்சில் எழுதிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், அத்தனையும் இந்த மனிதரின் கை வழியாகப் போயிருக்கிறது என்று நினைக்கும்போது எங்களுக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது, காம்பவுண்டு வீட்டுக்காரர் ராக்கியப்பன் தன் வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டுவந்து நாச்சிமுத்துவின் வாசலில் மாட்டினார்.

வெளியூர் ஜனங்களும் வரத்தான் செய்தார்கள். பையனுக்கு வேலை கிடைக்குமா என்று ஒரு அம்மாள் குறி கேட்க வந்து, ‘எங்கள் கம்பிகள் உறுதியானவை’ என்று வந்ததைப் படித்துத் திருப்தியாகப் போனாள். ஒரு கட்சியின் மாநாட்டு வாசகம் வந்த அன்று எதிர்க்கட்சிக்காரர்கள் நான்கு பேர் வந்து வாசலில் நிற்க, ராக்கியப்பன் நாச்சிமுத்துவின் தோளில் ஒரு துண்டைப் போட்டு மறைத்து, “இந்த மாநாட்டுக்கும் அவருதான் அடிச்சாரு, உங்க மாநாட்டுக்கும் அவருதான் அடிச்சாரு, இருந்து பாத்தா உங்களதும் வரும்” என்றார். அவர்களும் சாயங்காலம் வரை இருந்து பார்த்து, தங்களுடையது வந்ததும் கை தட்டிவிட்டுப் போனார்கள். டிவிக்காரர்கள் கேமராவோடு வந்த அன்று ஒன்றுமே வரவில்லை. வயிறு நிறைந்து, வெயில் இதமாக இருந்து, ஒரு மனிதனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றால் என்ன செய்வது?

நடந்தது எல்லாவற்றிலும் பெரியது அவர் நடந்ததுதான். ஒரு காலையில் மயிலாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும், இழுத்து இழுத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, போய்ச் சேர்ந்துவிட்டார். குழாயைப் பிடித்தபடி அவர் நிமிர்ந்தபோது நெஞ்சில் நீல எழுத்து, சுற்றிலும் இலை வளையம். பானு பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடிவந்து படித்தாள். “ஃபினிஷர். மாரத்தான்ல கடைசி வரைக்கும் ஓடி முடிச்சவங்களுக்குக் கொடுக்கறது அக்கா” என்றாள். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினோம். நாச்சிமுத்து அழுதார், நாங்களும் அழுதோம், அன்றைக்கு யாரும் தண்ணீருக்குச் சண்டை போடவில்லை.

அதற்குப் பிறகுதான் மயிலாத்தாள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நாச்சிமுத்துவை வாசலில் உட்காரவைத்துவிட்டுப் போனால் போதும். போகிறவர் வருகிறவர் யாராவது நெஞ்சைப் படித்து வேண்டியதைச் செய்துவிடுவோம். இவ்வளவு நன்றாக எல்லாம் அமைந்தும் அவள் முகம் தெளியவில்லை. காலையில் காம்பவுண்டைத் தாண்டும்போது அவளாகவே நின்று, திரும்பி, அவர் நெஞ்சைப் பார்ப்பாள். அவரும் பாவம் தன்னிடம் இருக்கிற சரக்கையெல்லாம் தேடிப் பார்த்தார். ஒருநாள் ‘வேகம் விவேகமல்ல’ என்று வந்தது. இன்னொரு நாள் ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ என்று வந்தது. “நடந்து போறவளுக்கு எதுக்குங் ஹெல்மெட்டு?” என்று கேட்டுவிட்டு அவள் விடுவிடுவென்று போய்விட்டாள். ஒருநாள் இங்கிலீஷில் வந்ததைப் பானு படித்து, “ஸ்டே சேஃப்னு போட்டிருக்குக்கா. பத்திரமா இருன்னு அர்த்தம். உங்களுக்குத்தான்” என்று உருகினாள். மயிலாத்தாள் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அது உனக்குச் சொன்னது பானு. எனக்குச் சொல்றதா இருந்தா இப்படியா சொல்லுவாரு?” என்றாள். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சவரிமுத்துவிடம் நேராகவே கேட்டாள். “ஏனுங்ணா, ஊரு ஒலகத்துக்கெல்லாம் அடிச்சீங்களே, ‘பாத்துப் போ புள்ளே’ன்னு யாராச்சும் அடிக்கச் சொன்னாங்களா?”

சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். “இல்ல தங்கச்சி. அதையெல்லாம் யாரு ஆர்டர் கொடுப்பா?”

“நாங் கொடுக்கறேன்” என்றாள் மயிலாத்தாள். “ஒரே ஒரு பீஸு. அவிய கையால.”

காம்பவுண்டே எழுந்து உட்கார்ந்தது. அவர் கை ஒரு தடவை இழுத்துவிட்டால் அந்த வார்த்தையும் அவரிடம் வந்துவிடும் அல்லவா! எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் அடிதடி வராத குறை. ராக்கியப்பன் நான்கு மூலையிலும் பூ வேண்டும் என்றார், பானு ஒரு சின்ன இதயம் வைக்கலாம் என்றாள், பின்னால் வெளிச்சம் அடிக்கிற மாதிரி போடலாம் என்றார் ஒருவர். “பெருசா வேண்டாமுங். அவிய சத்தமாச் சொன்னதே இல்ல” என்று மயிலாத்தாள் முடித்துவிட்டாள். பானு கம்ப்யூட்டரில் சின்ன எழுத்தாக அடுக்கிக் கொடுக்க, சவரிமுத்து பிரேம் தயார் செய்தார். தெரிந்த பிரிண்டிங் யூனிட்டில் விடுமுறை நாளில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கினோம். நாச்சிமுத்துவை ஆட்டோவில் ஏற்றினோம். மயிலாத்தாள் எங்கள் அத்தனை பேருக்கும் நன்றிக் கடனாகக் கோழி அடித்துக் குழம்பு வைக்கப்போவதாகச் சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள். அவள் கூட வந்திருந்தால் நாங்கள் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டோம்.

மேசையின் இந்தப் பக்கம் நாச்சிமுத்துவை நிறுத்திப் பின்னாலிருந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். அந்தப் பக்கம் சவரிமுத்து. நாச்சிமுத்து இடது கையால் ரப்பரைத் தள்ள, சவரிமுத்து மீதியை இழுத்து முடித்தார். பிரேமைத் தூக்கியதும் வெள்ளையில் கறுப்பாக, சின்னதாக, பாத்துப் போ புள்ளே. நாச்சிமுத்துவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாங்கள் திருப்பூர்க்காரர்கள். பிரேம் இருக்கிறது, பேஸ்ட் இருக்கிறது, நீள மேசை காலியாகக் கிடக்கிறது. “ஒத்தைப் பீஸுக்குப் பிரேம் போட்டோம்னு வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்களா? ஆளுக்கு ஒண்ணு அடிச்சுப் போடுங்க, காம்பவுண்டுக்கே ஒரு ஞாபகமா இருக்கும்” என்றார் ராக்கியப்பன். எங்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மேசை முழுக்க பீஸ் ஒட்டினோம். நாச்சிமுத்து தள்ளிக்கொண்டே போனார். பாதி மேசை தாண்டியதும் அவர் முகம் சுருங்கியதைச் சவரிமுத்து பார்த்திருக்கிறார், கை வலி என்று நினைத்துக்கொண்டாராம்.

சாயங்காலம் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு, பிறந்தநாள் விழாவுக்கு வருகிற மாதிரி காம்பவுண்டுக்குள் நுழைந்தோம். கரண்டியோடு வாசலுக்கு வந்த மயிலாத்தாள் எங்கள் நெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உட்காரச் சொல்லி இலை போட்டு, வயிறார எங்களுக்குப் பரிமாறினாள்.

மறுநாள் காலை அவள் பையோடு கிளம்பியபோது வீட்டுக்கு வீடு நின்று அவளை வழியனுப்பினோம். எல்லா வாசலிலும் பாத்துப் போ புள்ளே. குழாயடியில் ஒருநாள் குடத்தை இடித்துவிட்டு அவளை மூதேவி என்று திட்டியவள் நெஞ்சிலும் அதே. அவள் எங்களைத் தாண்டி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். வெறும் வெள்ளை. அன்று பகலிலும் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இல்லை. பசி வந்தும் அன்னதானம் வரவில்லை, கஞ்சி ஊற்றியும் நீதி கேட்கவில்லை, புலி எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் கண்கள் மட்டும் யார் மேலும் நிற்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மயிலாத்தாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

தப்பு என்ன என்று எங்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒருவர் ஒருத்திக்கு மட்டும் வைத்திருந்த வார்த்தையை நாங்கள் சைஸ் வாரியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் பானுதான் முதலில் அந்த டீ ஷர்ட்டைத் துவைத்து, மடித்து, மயிலாத்தாள் வீட்டு வாசற்படியில் வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வைத்தோம். ராக்கியப்பன் தன்னுடையதை வைத்துவிட்டு, “தெரியாமப் பண்ணிப்போட்டம் அம்மிணி” என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லதுக்குத்தானுங்களே பண்ணுனீங்க” என்றாள் மயிலாத்தாள். “எங்க ரெண்டு பேரையும் இத்தனை நாளு கையில வெச்சுத் தாங்குனது நீங்கதானுங். அதை மறந்துட்டு இதை நெனச்சுட்டு இருப்பனா?”

அன்று மத்தியானம் அவள் நாச்சிமுத்துவுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தாள். வாசல் திறந்திருந்தது, அவள் மறைத்துப் பேசவும் இல்லை, அதனால் கேட்டோம். “சொல்லாட்டிப் போச்சாதுங், விடுங்” என்றாள், அவர் தாடையை ஒரு பக்கமாகத் திருப்பி. “கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொன்னீங்களே, அத்தனையும் எங்கிட்டத்தான கெடக்குது. அதை வெச்சே மீதிக் காலத்தை ஓட்டிப்போடுவனுங். உங்களுக்குப் பசின்னா, வலின்னா மட்டும் சொல்லுங். எனக்குன்னு நீங்க ஒண்ணுந் தேட வேண்டாம்.” அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சோப்பு நுரை காயும் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் மயிலாத்தாள் வேலைக்குக் கிளம்பினாள். கம்பெனிப் பெண்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, சேலைக்கு மேல் தூசிக்காக ஆண் பிள்ளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். அன்று கொடியில் கைக்கு அகப்பட்டது நாச்சிமுத்துவின் வெறும் வெள்ளை டீ ஷர்ட். அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, பையை எடுத்து, அவரிடம் “வாரனுங்” என்று சொல்லிவிட்டு, அவர் நெஞ்சைப் பார்க்காமல், எங்கள் யாரையும் பார்க்காமல், வேகமாகக் காம்பவுண்டைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள்.

நாச்சிமுத்து நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்தார். அப்போது நாங்கள் பார்த்தோம். பின்கழுத்துக்குக் கீழே, இரண்டு தோளுக்கும் நடுவில், வெள்ளைத் துணியில் கறுப்பாக, சின்னதாக, ஒவ்வொரு எழுத்தாக அது எழுந்து வந்தது. அவர் அதை எப்போதும் அவள் முதுகைப் பார்த்துத்தானே சொன்னார், நெஞ்சில் எப்படி வரும்? ராக்கியப்பன் கத்திக் கூப்பிட வாயைத் திறந்தார். பானு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை எங்களுக்கும் புத்தி வந்திருந்தது. சொல்லவேண்டியவர் சொல்லிவிட்டார், கேட்கவேண்டியவளோ கேட்காமல் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த சைக்கிள்காரர் படித்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். டீக்கடை வாசலில் நின்றவர்கள் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

ரோடு திரும்பும் இடத்தில், அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன ஒரு சின்னப் பெண், கடை போர்டு, சுவர் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிக் கத்திப் படிக்கிற வயசு அவளுக்கு, மயிலாத்தாளின் முதுகையும் படித்தாள்.

“பா…த்துப் போ… புள்ளே!”

மயிலாத்தாள் நின்றாள். திரும்பினாள். அந்தக் குழந்தையைத் தாண்டி, சைக்கிள்காரரைத் தாண்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் அத்தனை பேரையும் தாண்டி அவள் பார்த்தாள். நாச்சிமுத்துவின் இடது கை நாற்காலியிலிருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றது.

“செரீங்” என்றாள். அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அவள் வாய் அசைந்ததை எல்லோரும் பார்த்தோம். பிறகு பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மெதுவாக நடந்து போனாள்.